செப்புத் தகட்டில் ஒரு சாட்சியம்

போர்வீரனின் கவசத்தை அழகுசெய்யப் பிறந்த கைவினை ஒன்று, பின்னாளில் போருக்கு எதிரான சாட்சியாக எழுந்து நின்றது. 'எட்சிங்' எனும் அமிலப் பதிப்போவியக் கலையின் வரலாறு அத்தகையது. ஐரோப்பியக் கைவினைஞர்கள் இரும்புக் கவசத்தில் மெழுகு பூசி, கீறி, அமிலத்தால் அரித்து அணிவேலை செய்து வந்தனர். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து டேனியல் ஹாப்ஃபர், 1500ஆம் ஆண்டையொட்டி, அம்முறையால் இரும்புத் தகட்டில் படம் வரைந்து தாளில் அச்சிட்டார். காலப்போக்கில் இரும்பின் இடத்தைச் செம்பு பெற்றது.

மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறினால் செம்பு வெளித்தெரியும். அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டுமே அரிபடும். நேரம் நீள நீளக் கோடு ஆழமாகும், கருமை கூடும். மெழுகை நீக்கி, மை தடவித் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, படம் இடவலம் மாறிப் பதிகிறது. பிசின் தூளைப் படியவைத்து அரிக்கும் 'அக்வாடின்ட்' முறை, கோட்டோடு நிழலையும் தந்தது.

இவ்விரண்டையும் இணைத்து உச்சம் தொட்டவர் ஸ்பெயின் அரண்மனை ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா. 1793 அளவில் நோயால் செவிப்புலன் இழந்த அவர், 1799இல் சமூகத்தின் மூடத்தனங்களைச் சாடும் 80 படங்களை வெளியிட்டார். மாட்ரிட்டில் 'ஏமாற்றம் தெளிதல்' என்று பொருள்படும் பெயருடைய தெருவில், ஒரு வாசனைத் திரவியக் கடையில் அவை விற்பனைக்கு வந்தன. விரைவிலேயே அவற்றை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1803இல் தகடுகளை மன்னரிடமே ஒப்படைத்தார்.

1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினில் போர் மூட்டியது. கொலையையும் பஞ்சத்தையும் 1810 முதல் கோயா தகடுகளில் பதித்தார். செம்பு கிடைப்பது அரிதாகவே, தாம் முன்பு இயற்கைக் காட்சி வரைந்திருந்த தகடுகளை அறுத்து, அவற்றின் பின்புறத்தில் போரின் கொடுமையை வரைந்தார். அப்படங்களில் வெற்றிவீரர் எவருமில்லை. ஒரு படத்திற்கு 'நான் இதைக் கண்டேன்' என்று மட்டும் தலைப்பிட்டார்.

1814இல் அரியணை மீண்ட ஏழாம் ஃபெர்டினாண்டின் கொடுங்கோன்மையில் அவை வெளிவரவில்லை. 1828இல் பிரான்சின் போர்தோ நகரில் கோயா மறைந்தார். அதன்பின் 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் மாட்ரிட் கலைக்கழகம் 80 படங்களை நூலாக வெளியிட்டது. வாசகரைக் காணாமலேயே கலைஞர் போய்விட்டார். அமிலம் அரித்த பள்ளங்களோ அவர் கண்டதை அத்தனை ஆண்டுகளும் மாறாமல் காத்திருந்தன.