'முத்தட்டும்' எங்கிருந்து வந்தது?

"புரைதானே? முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்." அப்பா இதைச் சொல்லியே நாலு வருஷம் ஓட்டினார். நானும் விட்டுட்டேன். இந்த 'முத்தட்டும்' எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடினேன்.

பழைய முறை, ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளுவது. சுஸ்ருத சம்ஹிதையிலேயே புரைக்கு ஊசி வைத்தியம் இருக்கிறது. 1747-ல் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியேல் கண்ணைக் கீறி, புரையை வெளியே எடுத்தார். சிக்கல் இங்கேதான். முற்றாத புரையை எடுத்தால் பிசுபிசுவென்று மிச்சம் உள்ளே தங்கி அழற்சி வரும். முற்றினது ஓரளவு சுத்தமாக வரும். போதாக்குறைக்கு, எடுத்த லென்ஸுக்குப் பதில் லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். ஆகவே பார்வை நன்றாக மங்கும்வரை காத்திருப்பது அன்றைக்கு நல்ல யோசனை.

பிறகு எல்லாம் மாறியது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 1992-ல் மதுரையில் ஆரோலேப் ஆரம்பித்து, மலிவு விலையில் லென்ஸ் செய்தது.

இந்தப் புது முறையில் கணக்கே தலைகீழ். முற்றின புரை கல்லு மாதிரி. உடைப்பது கஷ்டம், கருவிழிக்கும் ஆபத்து. ஆனால் 'முத்தட்டும்' மட்டும் வீட்டுக்கு வீடு அப்படியே இருக்கிறது. எங்க தொழில்ல சொன்னா, கோடு மாறியும் பழைய கமெண்டை யாரும் அழிக்காம விட்ட மாதிரி.

கடைசியில் அப்பாவைக் கூட்டிப் போனபோது டாக்டர் சொன்னது: புரை பாதிதான் காரணம், மீதி குளுக்கோமா. கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடுவது. பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப்பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது. புரையை எடுத்ததும் வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம்.

புரையால் போன பார்வையை மீட்கலாம். அதுக்காகக் காத்திருக்கும்போது பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது. எனக்கு 46. போன மாசம் நானும் அழுத்தமும் நரம்பும் பாத்துட்டு வந்தேன். உங்க வீட்டில் யாராவது 'முத்தட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.