ஒயினுக்கு ஊர், கள்ளுக்கு வழக்கு

போர்தோ சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் 'குணம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கபர்னே சோவிஞ்ஞோன் திராட்சை, சரளை மண், ஓக் பீப்பாய் எல்லாம் சேர்ந்து தரும் துவர்ப்பு. ஆட்டுக்கறியோடு குடித்தால் அந்தத் துவர்ப்பு அடங்கும் என்பது விதி. விதி பொய்யில்லை. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து இறங்கும் டானின், கறியின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது. ஆனால் விழுப்புரத்துக் கறிக்குழம்போடு குடிச்சுப் பாருங்க. மிளகாய்க் காரம் இன்னும் ஏறும், ஒயின் கசக்கும். மீன்குழம்பென்றால் கேட்கவே வேண்டாம். குழம்பில் குற்றமில்லை. அந்த விதி வேறொரு அடுப்படிக்கு எழுதப்பட்டது.

இந்தக் குணம் மண்ணிலிருந்து மட்டும் வந்ததா? 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்தோ தரகர்கள் தங்கள் ஒயின்களை ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள். அளவுகோல் நாக்கு அல்ல, சந்தை விலை. பெரிதாக மாறாமல் அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது. 1935இல் அரசே சட்டம் போட்டு ஒயினின் ஊர்ப்பெயரைக் காத்தது. ஆக, விலையும் சட்டமும் சேர்ந்து கட்டியதுதான் மண்ணின் குணமாகச் சொல்லாடலுக்குள் நுழைகிறது. அடிமை வணிகத்தாலும் கரீபியச் சர்க்கரையாலும் கொழுத்த துறைமுகம் போர்தோ. புட்டியில் ஒட்டிய சீட்டு அதைச் சொல்லாது.

இந்த ஒயினின் நாட்டுக்காரர்கள் நம் பக்கமும் வந்தார்கள். 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்தார்கள். ஆங்கிலேயரிடம் தோற்ற பிறகு அவர்களுக்கு மிஞ்சியது புதுச்சேரியும் துண்டுதுண்டான கிராமங்களும். நம்மூர் வயலைத் தாண்டினால் அவன் வயல், அதைத் தாண்டினால் மறுபடி நம்மூர். 1954இல் பிரெஞ்சுக்காரன் போனான், கோடு போகவில்லை.

1948 வாக்கில் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது அந்தக் கோடு தாகத்தின் எல்லையானது. 1971இல் விலக்கை நீக்கினார்கள், சில ஆண்டுகளில் மறுபடி போட்டார்கள், பிறகு மறுபடி நீக்கினார்கள். 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்து 42.8 சதவீதச் சரக்கை விற்கத் தொடங்கியது. ஏறக்குறைய 5 சதவீதமுள்ள பனங்கள் மட்டும் குற்றமாகவே நிற்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. பனை ஒண்ணுதான், பானை ஒண்ணுதான், வழக்கு மட்டும் திண்டிவனம் பக்கம்.

கள்ளுக்கும் குணம் உண்டு. காலையில் இறக்கியது இனிக்கும், உச்சிவெயிலில் புளிக்கும், சாயங்காலம் தலைக்கேறும். ஆண் பனைக் கள்ளும் பெண் பனைக் கள்ளும் ஒன்றல்ல என்பார்கள் மரமேறிகள். சுட்ட கருவாடு, நண்டு, காரமான குடல்கறி எல்லாவற்றோடும் ஒத்துப்போகும், காரத்தைக் கிளப்பாது. இதையெல்லாம் தரம் பிரித்து எழுத ஒரு தரகனும் வரவில்லை. பாளை சீவுகிறவனின் சாதியை எழுதத்தான் ஆட்கள் வந்தார்கள்.

கள்ளைத் 'தமிழர் பானம்' என்று புனிதப்படுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. குடிச்சிட்டு வந்தவன்கிட்ட அடி வாங்கின பெண்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். மரமேறியின் வழுக்கிய காலும் அந்தப் பெருமைக்குள் வராது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கிருந்து புதுச்சேரி எல்லை பஸ்ஸில் கொஞ்ச நேரம்.