வண்டி எண்ணும் குடிமக்கள் உரிமையும்

பாயா ரும்புட் வட்டாரத்துச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் எண்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மலாக்காவிற் பதிவான வண்டிகள் 'எம்' என்னும் எழுத்தைத் தாங்குகின்றன. சுங்கை ஊடாங்கை அடுத்த தெரெண்டாக் முகாமினின்று வரும் இராணுவ வண்டிகளுக்கு 'இசட்' என்னும் எழுத்து உரியது. போலீசுக்கோ தனியெழுத்து இல்லை. பொதுமக்கள் வண்டிகளுக்குரிய வரிசையிலேயே அதன் வண்டிகளும் எண் பெறுகின்றன. அவ்வெண்ணைக் குடிமகன் ஒருவன் குறித்துக்கொள்ளலாமா? அவ்வண்டி வருவதைப் பிறர்க்கு அறிவிக்கலாமா? அது செல்லுமிடமெல்லாம் பின்தொடரலாமா? மூன்றும் ஒரே வினாவெனத் தோன்றும்; சட்டத்தின் முன் அவை வெவ்வேறானவை. அவ்வேறுபாடு வளர்ந்த வரலாறு அறியத்தக்கது.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், மறு ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு ஒவ்வொரு வண்டியும் எண் தாங்கவேண்டுமென விதித்தது. விரைந்து சென்று மறையும் வண்டி தீங்கு செய்யுமாயின், அதனைக் கண்டவர் அடையாளம் கூறவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இம்முறை நீரிணைக் குடியேற்றங்களிலும் வழங்கியது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே அவற்றின் அடையாளமாயின. எனவே, வண்டி எண் பிறந்ததே கண்டோர் படிப்பதற்காகத்தான். படிப்பது குற்றமாகாது.

அறிவிப்பதோ வேறு. அதே 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என வேகத்தை வரையறுத்தது. போலீசார் சாலையோரம் மறைந்திருந்து, அளந்துவைத்த தூரத்தை வண்டிகள் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டனர். 1905-இல் தோன்றிய மோட்டார்க்காரர் சங்கம், அவ்விடங்களைப் பற்றி ஓட்டுநர்க்கு எச்சரிக்கை செய்யத் தன் ஆட்களைச் சாலையில் நிறுத்தியது. இது போலீசாரின் கடமைக்குத் தடை செய்ததாகுமா என்பது வழக்காயிற்று. 1907-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள பாஸ்டபிள் - லிட்டில் வழக்கில், எச்சரிக்கை பெற்ற வண்டிகள் அப்போது வேக வரம்பை மீறிக்கொண்டிருந்தன என்பதற்குச் சான்று இல்லை. ஆதலின் குற்றமில்லை என முடிவாயிற்று. 1910-ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ள பெட்ஸ் - ஸ்டீவன்ஸ் வழக்கிலோ, வண்டிகள் ஏற்கெனவே வரம்பு மீறி ஓடிக்கொண்டிருந்தன. குற்றம் புரிவோனைத் தப்புவிக்கும் எச்சரிக்கை, கடமைக்குத் தடையே எனத் தீர்ப்பாயிற்று. இரண்டு வழக்குகளையும் கேட்டவருள் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபு ஒருவர். அதன்பின் சங்கத்தார் ஓர் உபாயம் கண்டனர். உறுப்பினர்க்கு வழக்கமாகச் செய்யும் சலாமைச் செய்யாது விட்டால், வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும் என்பது வழக்கமாயிற்று.

இவ்வழக்குகள் மலேசியரை நேரே கட்டுப்படுத்துவன அல்ல. எனினும், அரசு ஊழியரின் கடமையை வேண்டுமென்றே தடுப்பதைக் குற்றமாக்கும் விதி இங்கும் பழையதே. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி, நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1872-இல் மலாக்காவில் நடைமுறைக்கு வந்தது. அன்றைய 186-ஆம் பிரிவு இன்றைய மலேசியச் சட்டத்திலும் அதே எண்ணோடு நிற்கிறது. இப்போது அதற்குரிய தண்டனை ஈராண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

அரசின் அச்சத்துக்கும் வரலாற்றில் காரணம் உண்டு. அவசரகாலமான 1948 முதல் 1960 வரை, 'மின் யுவென்' என்னும் ஆதரவாளர் அமைப்பு காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவும் உளவுச் செய்தியும் சேர்த்தது. சாலையிற் செல்லும் வண்டியைத் தாக்குவது எத்துணைக் கொடிய விளைவைத் தரும் என்பதை, 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்ட நிகழ்ச்சி காட்டிற்று. அத்தகைய காலத்தில் வண்டி நடமாட்டத்தைச் சொல்லுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

மற்றொரு நோக்கத்தோடு போலீஸ் வண்டியைப் பின்தொடர்ந்தோரும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1965-இல் நிகழ்ந்த வாட்ஸ் கலகத்துக்குப் பின், கறுப்பின மக்கள் சிலர் போலீஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து, கைதுகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தனர். 1966-இல் ஓக்லந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சட்டப் புத்தகத்தோடு துப்பாக்கியும் ஏந்திச் சென்றனர். 1967-இல் கலிபோர்னியா இயற்றிய முல்போர்டு சட்டம், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுத்தது. குறிப்பெடுப்பதை அது தடுக்கவில்லை.

இனி இந்நாட்டின் இற்றை நிலை. போலீஸ் மீதான முறையீடுகளை விசாரிக்கத் தன்னுரிமை பெற்ற குழு வேண்டுமென 2005-இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. நெடிய வாதங்களுக்குப் பின், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பரிந்துரைத்த அளவுக்கு அதற்கு அதிகாரம் இல்லை என்பது பலர் குறை. எனினும், முறையிடுவதற்கு ஓர் இடம் உண்டு. ஆங்கே தோட்டத் தொழிலாளி ஒருவர் முறையிடுவாராயின், அதிகாரியின் பெயர் அவர்க்குத் தெரியாதிருக்கலாம். வண்டி எண்ணும், நாளும், நேரமும், இடமும் தெரிந்தால் அவையே சான்றாகும்.

பின்தொடர்தலுக்கு மட்டும் எல்லை நெருங்கியது. 2023-இல் தண்டனைச் சட்டத்திற் சேர்ந்த 507ஏ பிரிவு, ஒருவர்க்கு அச்சம் விளையும் வண்ணம் திரும்பத் திரும்பத் தொல்லை தருவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை. போலீஸ்காரரும் ஒரு மனிதரே. அவருடைய வீடு வரை தொடர்ந்து சென்று அச்சுறுத்துவோர், குடிமக்கள் உரிமை என்று கூறித் தப்ப இயலாது.

ஆகவே, கண்டதைக் குறித்தல் உரிமை. குறித்ததை உரிய இடத்தில் முறையிடுதல் கடமை. குற்றவாளி தப்ப அதனைக் கைமாற்றுதலும், ஒருவரை அச்சுறுத்தப் பயன்படுத்துதலும் குற்றம். எண் ஒன்றே, எடுத்தாளும் நோக்கமே வேறு. மாணவர்க்குக் குடிமையியல் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்வாராயின், காக்கி உடையைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் தோட்டப்புறத்துப் பழைய அச்சம் குறையும். சட்டத்தை மதிக்கும் பண்பும் குறையாது.