ஏழுக்கு நாலு: ஒரு ஒப்பந்தத்தின் விளைவுக் கணக்கு

ஒரு செயல் சரியா பிழையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? செய்தவரின் நோக்கத்தை வைத்தா, அதனால் நடந்ததை வைத்தா? நடந்ததை வைத்துத்தான் என்கிறது விளைவுவாதம். மொத்தத்தில் அதிக நன்மையும் குறைந்த துன்பமும் தருவதே சரியான செயல் என்றார் ஜெரமி பெந்தம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. இந்தக் கணக்கை மலையகத்தில் போட்டுப் பார்ப்போம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. அதாவது ஏழுக்கு நாலு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதை ஆதரிக்கவும் ஒரு வாதம் உண்டு. நாடே இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒரு நாடு கிடைப்பது மேல்தானே? அதுவும் போக, முன்னாடியே கப்பலேறியவர்கள் 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து தப்பினார்கள். அப்போ விளைவு நல்லதுதானா?

அவசரப்பட வேண்டாம். 1964இல் யாரும் 1983ஐ நினைத்துக் கையெழுத்துப் போடவில்லை. தற்செயலாக வந்த நன்மையை அவர்கள் பெயரில் வரவு வைக்க முடியாது. அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடிய விளைவு வேறு: லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போவார்கள், குடும்பங்கள் பிரியும். போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள்.

இரண்டாவது, யாருடைய விளைவு? ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், யாரும் அதற்கு மேல் இல்லை என்பது பெந்தமின் பெயரால் சொல்லப்படும் விதி. ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டு தரப்புதான்: இரண்டு அரசாங்கங்கள். விண்ணப்பம் கோரியபோது, இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தவர்கள் அந்த 5 இலட்சத்து 25 ஆயிரத்தை எட்டவில்லை. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது, எதோடு ஒப்பிடுவது? நாடற்ற நிலையோடு ஒப்பிட்டால் எதுவும் நல்லதாகத்தான் தெரியும். அந்த நிலையை உண்டாக்கியதே ஒரு சட்டம். யாரையும் நகர்த்தாமல் பிரஜாவுரிமை கொடுப்பதும் ஒரு வழிதான். 2003இல் அதைத்தான் செய்தார்கள். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை என்றது அந்தச் சட்டம். தேதியைக் கவனியுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். 39 வருஷம் கழித்துச் செய்ய முடிந்ததை அன்றைக்கே செய்திருக்கலாம்.

அதனால், விளைவைப் பார்த்ததுதான் இங்கே தப்பு என்று சொல்ல முடியாது. பாதி விளைவை மட்டும் பார்த்ததுதான் தப்பு. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கு. கணக்கு முழுசாகச் சரியாக வந்திருந்தாலும், ஒரு மனுஷரைக் கேட்காமலே அவருடைய நாட்டை முடிவு செய்யலாமா? மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற இம்மானுவேல் கான்ட்டின் வாதம் ஆரம்பிப்பது இங்கேதான். ‘பெரும்பாலோரின் நன்மைக்காக’ என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கில் நம்மை எண்ணினார்களா, நம்மைக் கேட்டார்களா என்று இரண்டையும் கேட்கணும்.