மாத்தளைக்கு வந்த பாதை: காணிச் சட்டம் முதல் குடியுரிமைச் சட்டம் வரை

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர நடந்த பயணம் அது. கடைசி நாட்களில் நாலந்தாவிலிருந்து நானும் சேர்ந்து நடந்தேன். நான் பிறந்தது றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். வளர்ந்தது கிளிநொச்சியில். 2009இல் முள்ளிவாய்க்கால் கடந்து மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரே வாழ்க்கைக்குள் இத்தனை இடங்கள் எப்படி வந்தன என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மாத்தளையின் கதையைச் சொல்ல வேண்டும்.

காணி பறிபோன கதை

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு மலைநாடு பிரித்தானியர் கைக்குப் போனது. 1840இல் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, சேனைக் காணிகள் எல்லாம் முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். கண்டி விவசாயிகளிடம் ஏது உறுதி? பரம்பரையாகச் சேனை வெட்டி வந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காணிகள் ஏக்கர் 5 சிலிங் என்ற அளவில் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இராணுவத்தினரும் இருந்தார்கள். காடு அழிந்து கோப்பி வந்தது.

1848இல் ஆளுநர் டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டார். வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். ஓரிரு நாட்களில் கிளர்ச்சியாளர் மாத்தளை நகருக்குள் புகுந்து அரச கட்டடங்களையும் கோப்பிக் களஞ்சியங்களையும் தாக்கினார்கள். இராணுவச் சட்டம் பிரகடனமானது. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிய விதம் இலண்டன் நாடாளுமன்றம் வரை போய் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் காணி திரும்பவில்லை.

தென்னாபிரிக்காவில் 1913ஆம் ஆண்டின் காணிச் சட்டம் கறுப்பினத்தவருக்கு நாட்டின் 7 வீதக் காணியை மட்டும் ஒதுக்கியது. உலகில் எங்கு பார்த்தாலும் காலனித்துவம் முதலில் காணியைத்தான் எடுத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் காணியில் வேலை செய்ய ஆட்களைத் தேடியது.

நடந்து வந்தவர்கள்

கோப்பித் தோட்டங்களுக்கான ஆட்கள் தமிழ்நாட்டின் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் திரட்டப்பட்டார்கள். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களை ஊரிலிருந்து தள்ளின. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுக ஆட்களைத் தின்றன. அந்தப் பாதையில் மலைநாட்டின் வாசல் மாத்தளைதான். உயிர் தப்பியவர்கள் இங்கிருந்துதான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். நகரின் நடுவில் நிற்கும் முத்துமாரியம்மன் கோவிலை அந்தப் பயணத்தின் நன்றிக்கடனாகவே எங்கள் ஆட்கள் சொல்வார்கள். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதிக்கு வரும்.

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் றப்பரும் வந்தன. 1880இல் மாத்தளைக்கு ரயிலும் வந்தது. லயம் மட்டும் மாறவில்லை. ஒரு காம்பரா, அதில் ஒரு குடும்பம். காலையில் பெரட்டுக்களம். கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921 வரை நீடித்தது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்பவும் சட்டம் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் இன்னொன்றும் நடந்தது. காணி இழந்த சிங்களக் கிராமத்தவர் மலையடிவாரத்தில் நின்று மேலே பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்டது இலண்டனில் இருந்த கம்பனி அல்ல. லயத்தில் இருந்த தமிழன்தான். அந்தத் தமிழனுக்கும் அங்கே ஒரு அடி காணி சொந்தமில்லை. காணி இழந்தவனும் காணியே இல்லாதவனும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். பின்னால் வந்த அரசியல் இந்த இடத்திலிருந்துதான் வளர்ந்தது.

1948: ஒரே ஆண்டு, இரண்டு நாடுகள்

1948 மே மாதம் தென்னாபிரிக்காவில் தேசியக் கட்சி தேர்தலில் வென்றது. இனஒதுக்கல் ஆட்சிக் கொள்கையானது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கை நாடாளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? 1840இல் சிங்கள விவசாயியிடம் காணி உறுதி கேட்டார்கள். 1948இல் தமிழ்த் தொழிலாளியிடம் பிறப்பு உறுதி கேட்டார்கள். இல்லை என்று தெரிந்தே கேட்கப்பட்ட கடதாசிகள் இரண்டும்.

1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கு பறிக்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1946 குடிசனமதிப்பின்படி மலையகத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். இலங்கைத் தமிழரை விட அதிகம். 2012இல் அது 4 வீதமளவுக்கு வந்துவிட்டது.

தென்னாபிரிக்காவோடு ஒப்பிடும்போது என் மனதை உறுத்துவது இதுதான். அங்கே வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் போராடி 1994 ஏப்ரல் 27இல் வாக்களித்தார்கள். இனவாதத்திலிருந்து ஜனநாயகத்துக்குப் போன பாதை அது. இங்கே 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவிலேயே முதலாவது. அந்த வாக்கால் தெரிவான நாடாளுமன்றம் கையுயர்த்தித்தான் எங்கள் வாக்கைப் பறித்தது. பெரும்பான்மை இருந்தால் போதும், யாரையும் வெளியே தள்ளலாம் என்று சுதந்திர இலங்கை முதலில் படித்தது எங்கள் முதுகில்தான். 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் அதன் அடுத்த பாடம்.

வடக்குத் தலைமைகளும் அப்போது ஒன்றாக நிற்கவில்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்தது மொழிக்கும் வரும் என்று அவர் சொன்னது பலித்தது.

மாத்தளையிலிருந்து வன்னிக்கு

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். பாட்டன் நடந்து வந்த அதே தலைமன்னாரால் பேரப்பிள்ளைகள் கப்பலேறினார்கள். எங்கள் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் போனது. 'கடுதாசி போடு அண்ணே' என்று அழுதுகொண்டே ரயிலேறினாராம். ஒரே ஒரு கடிதம் வந்தது என்று அப்பா சொல்வார்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் பெயரில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தொழிலாளிக்குக் காணி கிடைக்கவில்லை. பஞ்சம் கிடைத்தது. 1977 வன்செயலில் எங்கள் லயம் எரிந்தது. ஏழு வயதில் நான் அப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்தேன். எங்களைப் போல ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தீயம் அமைப்பு பலரைக் குடியேற்றியது. அதன் நிறுவுனர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதே ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை.

வன்னியில் எங்களுக்குக் காடு வெட்ட இடம் கிடைத்தது. கூடவே 'தோட்டக்காட்டான்' என்ற பட்டமும் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டது சிங்களப் பிள்ளைகள் அல்ல. பல குடும்பங்களுக்குக் காணி உறுதி கடைசிவரை வரவில்லை. ஆனால் போர் வந்தபோது ஷெல் எங்களிடம் பிரஜாவுரிமையைக் கேட்கவில்லை. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களில் எத்தனை பேரின் பாட்டன்மார் மாத்தளைப் பாதையால் வந்தவர்கள் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

முடியாத கணக்கு

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. 1948இலிருந்து 55 வருடங்கள். அதற்குப் பிறகும் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு இன்னும் எல்லோர் வாசலுக்கும் வந்து சேரவில்லை. நாங்கள் நடந்து முடித்த அதே 2023 ஆகஸ்டில், மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்துத் தள்ளிய காணொளியை நாடே பார்த்தது.

தென்னாபிரிக்கா போல உண்மை ஆணைக்குழு அமைப்போம் என்று இங்கே அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. மாத்தளை வைத்தியசாலை வளவில் 2012 நவம்பரில் மனித எச்சங்கள் வெளிப்பட்டு, 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1980களின் இறுதியில் காணாமல்போன சிங்கள இளைஞர்கள் என்று குடும்பங்கள் சொன்னன. அதைவிடப் பழையவை என்று பரிசோதனை அறிக்கை சொன்னது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் படத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

நடைபயணம் மாத்தளைக்குள் நுழைந்தபோது ஒரு வயதான அம்மா தண்ணீர் கொடுத்தார். "எங்கேருந்துப்பா வாரீங்க?" என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். பிறகு றத்தோட்டை என்று திருத்தினேன். "ரெண்டும் நம்ம ஊருதான். குடிங்க" என்றார்.

றத்தோட்டையில் நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது மிளகு படர்ந்திருக்கிறது. அப்பா முருங்கை நட்ட மூலையைக் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "இந்தக் காணி யாருடையது?" என்று மகள் கேட்டாள். 1840இலிருந்து அந்தக் கேள்விக்குச் சட்டம் பல விடைகள் சொல்லியிருக்கிறது. ஒன்றில்கூட எங்கள் பெயர் இல்லை. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.