கைதிகளின் உரிமை வழக்கில் காலக்கெடு: அமெரிக்கச் சட்டம் கூறுவது என்ன?

சிறையில் தாக்கப்பட்டதாகவோ, மருத்துவ உதவி மறுக்கப்பட்டதாகவோ கூறும் கைதி, மாநில அதிகாரிகள் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 1871-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து பெறப்பட்ட ‘பிரிவு 1983’ இதற்கு அடிப்படை. எனினும், காலக்கெடு தவறினால், குற்றச்சாட்டு உண்மையா என்று விசாரிக்கப்படாமலேயே வழக்கு தள்ளுபடியாகலாம். வழக்குரைஞர் இன்றித் தாமே வாதாடும் கைதிகளுக்கு இது பெரும் சவால்.

சிறைக்குள் தொடங்கும் கெடு

1996-ஆம் ஆண்டின் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, சிறையின் குறைதீர் நடைமுறையை முழுமையாக முடித்த பின்னரே நீதிமன்றத்தை அணுக முடியும். புகாருக்கான கெடுவைச் சிறை நிர்வாகமே வகுக்கிறது. கலிஃபோர்னியா கைதி ஒருவரின் வழக்கில் அது 15 வேலை நாள்களாக இருந்தது. கெடு கடந்து அளிக்கப்பட்ட புகார் போதுமானதல்ல என உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதேவேளையில், புகார் அளிக்கவிடாமல் அதிகாரிகள் மிரட்டித் தடுத்தால் இந்த நிபந்தனை பொருந்தாது என்று 2016-இல் அதே நீதிமன்றம் விளக்கியது.

வழக்குத் தொடர எவ்வளவு காலம்?

நாடு முழுவதற்குமான பொதுக் கெடு இல்லை. உடல் காயத்துக்கு இழப்பீடு கோரும் வழக்குகளுக்கு அந்தந்த மாநிலம் வகுத்துள்ள கால வரம்பே பொருந்தும். டென்னசியில் 1 ஆண்டு, கலிஃபோர்னியாவில் 2 ஆண்டுகள், நியூயார்க்கில் 3 ஆண்டுகள்.

வழக்கு பதிவான பின்

மனு விசாரணைக்கு உகந்ததா என்பதை நீதிமன்றம் முதலில் பரிசீலிக்கும். மனு தாக்கலான 90 நாள்களுக்குள் எதிர்மனுதாரருக்கு அழைப்பாணை சென்றடைய வேண்டும். பொதுவாக எதிர்மனுதாரர் 21 நாள்களில் பதிலளிக்க வேண்டும். ஆனால், கைதிகளின் வழக்குகளில் நீதிமன்றம் உத்தரவிடாத வரை பதிலளிக்காமல் இருக்கவும் அவருக்குச் சட்டம் அனுமதி தருகிறது. மாஜிஸ்திரேட் நீதிபதியின் பரிந்துரையை எதிர்க்க 14 நாள்களும், மாநில அதிகாரிகள் மீதான வழக்கின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்களும் அவகாசம் உண்டு.

தாக்கல் தேதி எது?

தண்டனையை எதிர்த்துப் போராடிய கைதி ஒருவர், தீர்ப்பு வந்த 27-ஆவது நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பைச் சிறை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீதிமன்றத்தில் அது பதிவானதோ 31-ஆவது நாளில். சிறை அதிகாரியிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் நாள் என 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தபால் தாமதத்தைக் கட்டுப்படுத்தக் கைதியால் இயலாது என்பதே இதற்குக் காரணம். உரிமை வழக்கு மனுக்களுக்கும் கீழமை நீதிமன்றங்கள் இவ்விதியைப் பின்பற்றுகின்றன. ஆகவே, ஒப்படைத்த தேதியைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்ட உறுதிமொழியை மனுவுடன் இணைப்பது கைதிக்கு முக்கியப் பாதுகாப்பாகும்.