வில்லும் நிலமும்

வில்வண்டி என்ற பெயரிலேயே அதன் பயன் அடங்கியிருக்கிறது. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே இரும்புப் பட்டைகளாலான வில்லைப் பொருத்தினால், பாதையின் அதிர்ச்சி அமர்ந்திருப்பவரின் முதுகை எட்டுவதில்லை. மோட்டார் வாகனங்களின் சஸ்பென்ஷன் இந்த எண்ணத்தின் வளர்ச்சியே. ஆனால் நிலவேகச் சாதனைக்கென்றே உருவான கார்களில் வில்லின் வேலை வேறு. ஓட்டுநரின் சுகம் அங்கே பொருட்டல்ல. வண்டி தரையை விட்டு எழாதிருக்க வேண்டும்.

இதிலொரு முரண் உண்டு. வில் இளகியிருந்தால் சக்கரம் மேடுபள்ளத்தைத் தழுவிச் செல்லும். ஆனால் வண்டியின் உடல் முன்னும் பின்னும் சாயும். வில் விறைத்திருந்தால் உடல் நிலைத்திருக்கும், சக்கரம் துள்ளும். வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே குறைந்த வேகத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத சாய்வே மிகுந்த வேகத்தில் உயிரைப் பறிக்கக்கூடும்.

இம்முரணைத் தீர்க்கும் முதல் வழி நல்ல நிலத்தைத் தேடுவதாகவே இருந்தது. 1935 மார்ச்சில் மால்கம் காம்ப்பெல் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் 'புளூ பேர்ட்' காரை மணிக்கு 445 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். சாதனைதான்; எனினும் மணலின் அலைமேடுகளில் பின்சக்கரங்கள் பிடி இழந்து வெறுமனே சுழன்றன. செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புவெளிக்குச் சென்று 484 கி.மீ. வேகத்தைத் தொட்டார். கார் அதே கார்தான், மாறியது நிலம்.

காற்றடைத்த டயரும் ஒருவகை வில்லே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜான் அக்ராய்ட் வடிவமைத்த 'திரஸ்ட் 2' டயரின்றித் திண்மையான அலுமினியச் சக்கரங்களில் ஓடியது. 1982-ல் போன்வில் வெளியில் நீர் தேங்கவே, அக்குழு நெவாடாவின் பிளாக் ராக் பாலைக்குப் போயிற்று. அங்கே காய்ந்த ஏரிப்படுகையின் களிமண் உலோகச் சக்கரத்துக்குச் சற்றே இடம்கொடுத்தது. டயர் விட்டுச்சென்ற வேலையில் ஒரு பங்கை மண்ணே ஏற்றுக்கொண்டது எனலாம். 1983 அக்டோபர் 4 அன்று ரிச்சர்ட் நோபிள் அக்காரை 1,019 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். இன்னும் சிறிது வேகம் கூடியிருந்தால் மூக்கு மேலெழுந்திருக்கும் என்று பின்னர் கணித்தார்கள்.

இந்த அச்சத்தின் பிள்ளைதான் 'திரஸ்ட் எஸ்எஸ்சி'. ஏறத்தாழ 16.5 மீட்டர் நீளமுள்ள அவ்வண்டி ஒரு பாகை நிமிர்ந்தாலும் மூக்கு 28 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும். ஒரு நொடியில் 340 மீட்டர் கடக்கையில் அதை உணர்ந்து திருத்த மனிதக் கைக்கு அவகாசம் இல்லை. எனவே சாய்வைத் திருத்தும் பொறுப்பைக் கணினியால் இயங்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனிடம் ஒப்படைத்தார்கள். அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு மட்டுமிருந்த வில், இங்கே எதிர்வினையும் ஆற்றியது. 1997 அக்டோபர் 15 அன்று ஆண்டி கிரீன் 1,228 கி.மீ. வேகத்தில் ஒலியை முந்தினார்.

ஆயினும் நிலத்தின் முக்கியத்துவம் குறையவில்லை. 2019-ல் 'பிளட்ஹவுண்ட்' தென்னாப்பிரிக்காவின் ஹாக்ஸ்கீன் பான் வெளியில் 1,000 கி.மீ. வேகத்தைக் கடந்தது. அதற்கு முன்பே அவ்வூர்ப்பக்கத்து மக்கள் 300-க்கும் மேற்பட்டோர், 16,000 டன்னுக்கும் அதிகமான கற்களைக் கையால் பொறுக்கி அகற்றியிருந்தார்கள். சாதனைப் பட்டியல்களில் ஓட்டுநரின் பெயர் நிற்கிறது. வடிவமைப்பாளரின் பெயர் எப்போதாவது அடிக்குறிப்பில் வருகிறது. குனிந்து கல் பொறுக்கிய அந்தக் கைகளையும் சஸ்பென்ஷனின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.